தொடர்ந்து எழுதுபவருக்கு ஆப்சிடியன் எழுதப் பொருள் தருமா? ஒரு மதிப்புரை

எழுதப் பொருள் கிடைக்கவில்லை என்று தவிப்பவர்களுக்காக விற்கப்படும் கருவிகளைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒரு வகை, "உங்கள் வாழ்வை மாற்றிய ஒரு கடிதத்தைப் பற்றி எழுதுக" என்பது போல நாளுக்கொரு தலைப்பை நம் முன் நீட்டும். மற்ற வகை, நாம் ஏற்கெனவே பார்த்ததையும் கேட்டதையும் படித்ததையும் சேர்த்துவைத்துக்கொண்டு, பிறகு எப்போதாவது எடுத்துக் கொடுக்கும். ஆப்சிடியன் என்னும் குறிப்பேட்டுச் செயலி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அலுவலகக் கூட்டங்களைக் குறித்துக்கொள்ளவும், படிப்புக்கும், செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிடவும் அதைப் பயன்படுத்துவோர் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வாரந்தோறும் ஒரு பத்தியோ கட்டுரையோ எழுதியாக வேண்டிய ஒருவருக்கு இது எழுதப் பொருள் தருகிறதா என்னும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் இதை மதிப்பிடுகிறேன்.

முதல் வகைக் கருவிகளை நான் விலக்குவதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் தலைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைப் பற்றி எழுத நமக்கு என்ன உரிமை, என்ன உறுத்தல் என்பதை அது அறியாது. பயிற்சிக்காக எழுதுபவருக்கு அது போதும். வாசகர் காத்திருக்கும் பத்திக்குப் போதாது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பத்துத் தலைப்புகள் கேட்டாலும் இதே கதைதான்: பத்தும் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியவையாக இருக்கும். இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975இல் வெளியிட்ட ஆப்லீக் ஸ்ட்ராட்டஜீஸ் சீட்டுக்கட்டை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். அது எதைச் செய்வது என்று சொல்வதில்லை, செய்துகொண்டிருப்பதில் முட்டி நிற்கும்போது வேறு பக்கமாகத் திரும்பச் சொல்கிறது. ஆனால் அதற்குப் பாதி எழுதிய கட்டுரை ஒன்று கையில் இருக்க வேண்டும். வெற்றுத்தாளின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அது உதவாது.

ஆப்சிடியனை எரிக்கா சூ, ஷிடா லி ஆகிய இருவரும் 2020இல் வெளியிட்டார்கள். கைபேசிப் பதிப்பு அடுத்த ஆண்டு வந்தது. தனிப்பட்ட பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. பல கருவிகளுக்கிடையே குறிப்புகளை ஒத்திசைக்கும் சேவைக்கும், அவற்றை இணையத்தில் வெளியிடும் சேவைக்கும் மட்டும் சந்தா உண்டு. நாம் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் நம்முடைய கருவியிலேயே, நாம் தேர்ந்தெடுத்த ஒரு கோப்புறையில், தனித்தனி எழுத்துக்கோப்பாக இருக்கும். அந்தக் கோப்புறையைச் செயலி பெட்டகம் என்ற பொருளில் வால்ட் என்கிறது. தடித்த எழுத்து, தலைப்பு, பட்டியல் முதலியவற்றுக்கு மார்க்டவுன் என்னும் எளிய குறியீட்டு முறையைப் பயன்படுத்துவதால், எந்தச் சாதாரண எழுத்துத் திருத்தியிலும் அந்தக் கோப்பைத் திறந்து படிக்கலாம். செயலி திறந்த மூலநிரல் அன்று, அதாவது அதன் நிரல் எல்லோரும் பார்க்கத் திறந்துவைக்கப்படவில்லை. ஆனால் அதில் எழுதியவை முழுக்க நம் கையில் இருக்கின்றன.

இதை ஏதோ தொழில்நுட்பப் பிரியர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. எழுதுவதற்கான பொருளுக்கு உடனடிப் பலன் கிடையாது. இன்று குறித்துவைத்த ஒன்று, தன்னோடு சேரவேண்டிய மற்றொன்று வந்து சேரும்வரை ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். அதைச் சேமித்துவைத்த நிறுவனம் அதற்குள் கடையைக் கட்டிவிட்டாலோ, ஏற்றுமதி செய்தால் தேதிகளும் இணைப்புகளும் சிதைந்துபோன கோப்பைக் கொடுத்தாலோ, அத்தனை ஆண்டுக் காத்திருப்பும் வீண். எழுத்துக்கோப்புகளுக்கு அந்த அபாயம் குறைவு; வன்தட்டுப் பழுதுக்குத் தப்ப நகல் எடுத்துவைக்க வேண்டிய பொறுப்பு மட்டும் நம்முடையது.

இனி, இந்தச் செயலியில் எழுதுபவருக்கு மிகவும் பயன்படும் வசதிக்கு வருகிறேன். விளம்பரங்களிலும் அறிமுகக் காணொளிகளிலும் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதன் பெயர் ரேண்டம் நோட். பொத்தானை அழுத்தினால் பெட்டகத்திலுள்ள குறிப்புகளில் ஏதோ ஒன்று திறக்கும், அவ்வளவுதான். எது சிறந்தது, எது அதிகம் படிக்கப்பட்டது, எது இன்றைய செய்தியோடு பொருந்துகிறது என்றெல்லாம் அது கணக்குப் பார்ப்பதில்லை. நேற்று எழுதிய குறிப்பும் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பும் அதற்கு ஒன்றே. இந்தப் பாரபட்சமின்மையே அதன் பெருமை என்பேன். ஏனென்றால் நாமாகத் தேடினால், நினைவிருப்பதைத்தான் தேடுவோம். எழுத வேண்டிய பொருளோ பெரும்பாலும் நாம் குறித்துவைத்ததையே மறந்துபோன இடத்தில் இருக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். என் பெட்டகத்தில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது: "லிஃப்டில் ஏறியவுடன் எல்லோரும் கதவை நோக்கித் திரும்பி நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் உள்சுவரைப் பார்த்தபடி நின்றால் மற்றவர்களுக்குச் சங்கடமாகிவிடுகிறது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை." இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுத முடியாது, எழுதினால் இரண்டு பத்தியில் மூச்சு வாங்கும். வேறொரு நாளில் எழுதிய குறிப்பு இது: "அழைப்பு வரும்போது எடுக்காமல், மணி அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓய்ந்தபின் 'அழைத்தீர்களா?' என்று செய்தி அனுப்புகிறோம். இது பொய்தான், ஆனால் மரியாதையான பொய்." இரண்டாம் குறிப்பை விரிக்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது ரேண்டம் நோட் முதல் குறிப்பைத் திறந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றவுடன் ஒரு கேள்வி எழுந்தது: யாரும் கற்றுக்கொடுக்காத நாகரிகங்களை நாம் எங்கே கற்கிறோம், கைபேசி போன்ற புதிய பொருள் ஒன்று வந்தவுடன் அதற்கான நாகரிகம் எப்படி ஒரே சமயத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோகிறது? அதுதான் கட்டுரை. இரண்டு குறிப்புகளில் எதிலும் அந்தக் கேள்வி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடையிலிருந்த இடைவெளியில் அது பிறந்தது. செயலியின் பங்கு, அவ்விரண்டையும் ஒரே திரைக்குக் கொண்டுவந்தது மட்டுமே; அதுவும் தற்செயலாக.

இந்த வசதி வேலை செய்வதற்கு நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. குறிப்பை முழு வாக்கியங்களில் எழுத வேண்டும். "லிஃப்ட் / கதவு / சங்கடம்" என்று மூன்று சொற்களைக் கிறுக்கி வைத்தால், சில மாதங்களில் அது நமக்கே விடுகதையாகிவிடும். எதைக் கண்டோம் என்பதோடு, அது ஏன் கண்ணில் பட்டது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிட்டால் குறிப்பு கெடாமல் இருக்கிறது. அதேபோல ஒரு கோப்பில் ஒரே ஒரு கருத்துதான் இருக்க வேண்டும். டெய்லி நோட்ஸ் என்று நாளுக்கொரு கோப்பைத் தானாகத் திறந்துதரும் வசதி இதில் இருக்கிறது. நாட்குறிப்பு எழுதுபவருக்கு அது இனிமையானது, பத்தி எழுதுபவருக்கு அது ஒரு பொறி. ஒரே நாளில் தோன்றிய ஐந்தாறு கருத்துகள் பல் மருத்துவரிடம் நேரம் கேட்டதோடும் மின்கட்டண நினைவூட்டலோடும் ஒரே கோப்பில் புதைந்துபோனால், தற்செயல் அவற்றைத் தனித்தனியாக எடுத்துத் தர முடியாது.

ஒரு சீட்டுக்கு ஒரு கருத்து என்னும் இந்த ஒழுங்கு செயலிகளுக்கு மிகவும் முந்தையது. ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன், 1950களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் இப்படிச் சீட்டுகளை எழுதி மரப்பெட்டிகளில் சேர்த்தார். அவை சுமார் 90,000. பீலெஃபெல்ட் பல்கலைக்கழகம் அவற்றைப் பாதுகாத்து மின்வடிவமாக்கி வருகிறது. சீட்டுகளைத் தலைப்புவாரியாக அடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் நிலையான ஓர் எண் கொடுத்து, ஒரு சீட்டிலிருந்து மற்றொரு சீட்டுக்கு எண்களால் வழிகாட்டினார். அந்தப் பெட்டியோடு தாம் உரையாடுவதாக 1981இல் ஒரு கட்டுரையில் எழுதிய லூமன், அந்த உரையாடல் உரையாடலாக இருப்பதற்குப் பெட்டி தம்மை வியப்பில் ஆழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் கருதினார். ஆப்சிடியனைப் போற்றுபவர்கள் லூமனின் பெயரை அடிக்கடி இழுக்கிறார்கள். ஆனால் எண்ணிடும் முறையைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு, வியப்பு என்னும் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

லூமனின் எண்களுக்கு ஈடாக ஆப்சிடியனில் இருப்பவை இரட்டைச் சதுர அடைப்புக்குறிகள். அவற்றுக்குள் மற்றொரு குறிப்பின் பெயரை எழுதினால் அதற்கு இணைப்பு உருவாகிவிடும். அந்த மற்றக் குறிப்பைத் திறந்தால், தன்னைச் சுட்டும் குறிப்புகள் எவை என்று பேக்லிங்க் பலகத்தில் அது காட்டும். நான் இதைச் சிக்கனமாகவே பயன்படுத்துகிறேன். எழுதும்போதே மனத்தில் தோன்றும் தொடர்பை மட்டும் இணைக்கிறேன். உட்கார்ந்து தொடர்பு தேடுவதில்லை. அப்படியும் சில குறிப்புகளைச் சுற்றித் தானாகக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. "காத்திருத்தல்" என்று ஒரு குறிப்பைத் திறந்து பார்த்தபோது, மருத்துவமனை இருக்கைகள், பதிவிறக்கம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை, வரிசையில் பின்னால் நிற்பவரின் பெருமூச்சு என வெவ்வேறு நேரங்களில் எழுதியவை எல்லாம் அதைச் சுட்டிக்கொண்டிருந்தன. இப்படி ஒரு குறிப்பைச் சுற்றி நெரிசல் கண்டால், நம்மை அறியாமல் நம் மனம் ஒரு பொருளைத் திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த வாரப் பத்திக்கு வேறெங்கும் போக வேண்டாம்.

கிராஃப் வியூ என்னும் வரைபடக் காட்சிக்கு ஒரு வரி போதும்: குறிப்புகள் புள்ளிகளாகவும் இணைப்புகள் கோடுகளாகவும் மிதக்கும் அந்தப் படம் பார்க்க நன்றாக இருக்கிறது, அதிலிருந்து எனக்கு ஒரு கட்டுரைகூடப் பிறந்ததில்லை.

செயலிக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் செருகுநிரல்கள், அதாவது பிளக்இன்கள் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பயனர்களே உருவாக்கிப் பகிரும் பிளக்இன்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எழுதவேண்டிய நாளில் எழுதாமல் தப்பிக்க நினைப்பவருக்கு இதைவிட வசதியான புகலிடம் இல்லை; எழுத்துரு மாற்றலாம், வண்ணம் மாற்றலாம், குறிப்புகளுக்குப் படிவம் அமைக்கலாம், இவையெல்லாம் வேலை செய்த திருப்தியையும் தரும். செயலியோடு வரும் கோர் பிளக்இன் பட்டியலில் ரேண்டம் நோட், பேக்லிங்க்ஸ், தேடல் ஆகிய மூன்றையும் இயக்கிக்கொண்டு, ரேண்டம் நோட்டுக்கு ஒரு விசைச் சேர்க்கையையும் ஒதுக்கிவிட்டு அமைப்புகள் பக்கத்தை மூடிவிடுவது நல்லது.

தமிழில் எழுதுபவருக்கு இந்தச் செயலியில் சில தனிச் சிக்கல்கள் உண்டு. பொதுவான மதிப்புரைகளில் இவை இடம்பெறாததால் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதலாவது தேடல். தமிழ்ப் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது அதன் உருவமே மாறுகிறது. செயலிக்கோ இலக்கணம் தெரியாது, எழுத்துத் தொடர்தான் தெரியும். எனவே "மரம்" என்று தேடினால் "மரத்தில்", "மரத்தை", "மரங்கள்" என்று எழுதிய குறிப்புகள் வரமாட்டா. சரி, பொதுவான பகுதியான "மர" என்று தேடலாமே என்றால் மரபு, மரணம், மரியாதை எல்லாம் வந்து நிற்கும். "அமர்ந்தார்" என்ற சொல்லுக்குள்ளும் அந்த இரண்டு எழுத்துகள் ஒளிந்திருப்பதால் உட்கார்ந்தவர்கள் அனைவரும் வந்துவிடுவார்கள். இதற்குச் செயலியிலேயே ஒரு தீர்வு இருக்கிறது. தேடல் பெட்டியில் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே /மர(ம|த்த|ங்க)/ என்று எழுதினால், அடைப்புக்குறிக்குள் உள்ள மூன்றில் எது வந்தாலும் அது எடுத்துக்கொள்ளும். "மரம்", "மரமும்", "மரத்தடி", "மரங்கள்" அனைத்தும் சிக்கும். "மரத்துப்போன கால்" என்று எங்காவது எழுதியிருந்தால் அதுவும் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், சில நேரங்களில் அந்தத் தவறான விருந்தாளியே நல்ல பொருளாகவும் அமைந்துவிடுகிறது. "வீடு" போன்ற சொற்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். "வீட" என்று உகரமில்லாமல் தட்டினாலே "வீட்டில்", "வீடுகள்" இரண்டும் கிடைக்கும், வீடியோவும் கூடவே கிடைக்கும்.

இதே காரணத்தால், இணைப்பு இல்லாமலே ஒரு குறிப்பின் பெயர் வேறெங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் வசதியும் தமிழில் பாதிக்கு மேல் பயனிழந்துவிடுகிறது. இணைப்புக் கொடுக்கும்போது குறிப்பின் பெயரை அடுத்து ஒரு செங்குத்துக் கோடு இட்டு, வாக்கியத்துக்கு ஏற்ற வடிவத்தை எழுதலாம்: [[மரம்|மரத்தின்]] என்பது போல. படிக்கும்போது "மரத்தின்" என்று மட்டும் தெரியும். பழகிவிட்டால் இது தடையாக இருப்பதில்லை. கைபேசியின் தமிழ் விசைப்பலகையில் சதுர அடைப்புக்குறியைத் தேட வேண்டியதும் இல்லை. எழுதும் இடத்துக்குக் கீழே உள்ள கருவிப்பட்டையில் இணைப்புக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் தலைப்பின் நீளம். குறிப்பின் தலைப்பே கோப்பின் பெயர் என்பதால், கோப்பமைப்பின் விதிகள் நம் தலைப்பையும் கட்டுப்படுத்தும். லினக்ஸ், ஆண்ட்ராய்டு கருவிகளில் பொதுவாக ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும்; எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தரப்பட்டுள்ள குறியெண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வேண்டும், அதிலும் "க்", "கி" போன்றவை இரண்டு குறியெண்களால் ஆனவை என்பதால் 6 பைட்டுகள். "லிஃப்டில் எல்லோரும் கதவை நோக்கித் திரும்பி நிற்பது ஏன்" என்னும் ஏழு சொல் தலைப்பு, கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டோடு சேர்த்து 153 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் கணினியில் தடையின்றி அமைந்த நீண்ட தலைப்பு, கைபேசிக்கு ஒத்திசையும்போது சிக்கிக்கொள்வது இதனால்தான். விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் கோப்புப் பெயரில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் இடம்பெற முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கேள்விகளையே தலைப்பாக வைக்கும் பழக்கமுள்ளவர்கள் கேள்விக்குறியைக் குறிப்பின் முதல் வரிக்கு ஒத்திவைக்க வேண்டியதுதான்.

கைபேசியில் குறிப்பெடுக்கும் வேகத்தைப் பொறுத்தவரை ஆப்சிடியனுக்கு என்னால் நடுத்தர மதிப்பெண்தான் தர முடியும். பெட்டகம் பெரிதாக ஆக, செயலியைத் திறந்து, அது தன் கோப்புகளைச் சரிபார்த்து, புதிய குறிப்பு ஒன்றில் சுட்டி வந்து நிற்பதற்குள், மின்னி மறையும் எண்ணத்தின் ஓரம் தேய்ந்துபோகக்கூடும். கைபேசியோடு வரும் எளிய குறிப்புச் செயலியிலோ, விசைப்பலகையின் குரல் உள்ளீட்டைக் கொண்டோ அப்போதைக்குப் பிடித்து வைத்துக்கொண்டு, அன்றே ஆப்சிடியனுக்கு மாற்றி எழுதுவதே எனக்கு ஒத்துவருகிறது. மாற்றி எழுதுவது இரட்டை வேலைதான். ஆனாலும் பிடித்துவைத்தவற்றில் பாதி, மாலைக்குள் தம் பளபளப்பை இழந்துவிடுகின்றன. அவற்றை அங்கேயே விட்டுவிடுவதால் பெட்டகத்தில் சேர்பவற்றின் தரம் கூடுகிறது.

இணையக் கட்டுரைகளை அப்படியே எடுத்துவந்து சேமிக்கும் வெப் கிளிப்பர் என்னும் உலாவி நீட்சியையும் இதே நிறுவனம் தருகிறது. அது செம்மையாகவே இயங்குகிறது. தயக்கம் அதன் திறமையைப் பற்றித்தான். ஒரு சொடுக்கில் ஒரு கட்டுரை வந்து விழும் என்றால், சில மாதங்களில் பெட்டகம் பிறர் எழுத்தால் நிரம்பிவிடும். ரேண்டம் நோட் குறிப்பிட்ட கோப்புறையை மட்டும் பார் என்றால் கேட்காது, முழுப் பெட்டகத்திலிருந்தும் எடுக்கும். ஆகவே பொத்தானை அழுத்தும்போதெல்லாம் யாரோ எழுதிய, நாம் படித்தே இராத கட்டுரை வந்து நிற்கத் தொடங்கும். இதற்கென்று பிறர் எழுதிய செருகுநிரல்கள் உண்டு என்றாலும், எளிய வழி வேறொரு பெட்டகத்தை உருவாக்கி, கத்தரித்த கட்டுரைகளை அதில் போட்டுவைப்பதே. படித்ததில் மனத்தில் தைத்ததைச் சொந்த வாக்கியத்தில் எழுதினால் மட்டுமே அது முதல் பெட்டகத்துக்குள் நுழையலாம் என்று விதி வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் ஒரு காகிதச் சீட்டுப்பெட்டி செய்யாதா என்று கேட்டால், செய்யும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை உருவினால் அதுவும் ரேண்டம் நோட்தான். கையால் எழுதும்போது வாக்கியம் சுருங்கிச் செறிவாகவும் அமைகிறது. பேக்லிங்கும் தேடலும் வேண்டாதவர்கள், திரையின் முன் உட்கார்ந்தாலே கவனம் சிதறுபவர்கள் ஆகியோருக்கு நான் சீட்டுப்பெட்டியையே பரிந்துரைப்பேன். எழுதத் தொடங்கி இன்னும் குறிப்புகள் சேராதவர்களுக்கோ இரண்டுமே ஏமாற்றம் தரும். பெட்டகத்தில் பத்துப் பதினைந்து குறிப்புகளே இருக்கும்போது தற்செயல் எதையும் காட்டிவிடாது, நேற்று எழுதியதே இன்றும் வந்து நிற்கும். சில நூறு குறிப்புகள் சேர்ந்தபிறகு அந்தப் பொத்தானை அழுத்திப் பார்ப்பவருக்குத்தான் இந்தச் செயலியின் உண்மையான பயன் தெரியவரும். அதுவரை எழுத்துக்கோப்புகளாகச் சேர்த்துவந்தால் போதும்; வேறு செயலியில் தொடங்கியிருந்தாலும், அந்தக் கோப்புறையையே ஆப்சிடியனில் பெட்டகமாகத் திறந்துகொள்ளலாம்.